மினி லாரியில் கரி வடிகட்டி அடைப்பு: அறிவதும் தீர்ப்பதும்

தோட்டத்தில் விளைந்த காய்கறியை விடிவதற்குள் சந்தையில் இறக்கினால்தான் நல்ல விலை கிடைக்கும் என்பது உழவர் பெருமக்கள் அறிந்ததே. இதற்காகப் பலர் வங்கிக் கடன் பெற்று மினி லாரி, பிக்கப் போன்ற வண்டிகளை வாங்கி ஓட்டி வருகின்றனர். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் விற்பனைக்கு வந்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் 'டி.பி.எஃப்.' எனப்படும் கரி வடிகட்டி பொருத்தப்பட்டு வருகிறது. பழைய வண்டிகளில் இல்லாத இந்த உறுப்பைப் பற்றிச் சரியாகத் தெரியாததால் பல உழவர்கள் வீண் செலவுக்கு ஆளாகின்றனர். இதன் அமைப்பு, அடைப்பு ஏற்படும் காரணம், அடைத்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றை இங்கே காண்போம்.

ஓர் உழவரின் கேள்வி

ஒட்டன்சத்திரம் பகுதியில் மூன்று ஏக்கரில் தக்காளியும் முருங்கையும் பயிரிடும் உழவர் ஒருவர், பயிற்சி முகாம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, பயிருக்கு வர்ற நோய்க்கெல்லாம் மருந்து சொல்றீங்க. என் வண்டிக்கு வந்த நோய்க்கும் ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

அவருடைய பிக்கப் வண்டி வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தோட்டத்திலிருந்து சந்தைக்கு 7 கிலோமீட்டர். தினமும் அதிகாலையில் போவார். வரிசையில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பார். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஓடுகிறதே என்று அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் அந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொண்டது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. 40 பெட்டி தக்காளி ஏலம் முடிந்த பிறகே சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது பாதி விலை.

ஒரு பட்டறையில், "உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலும் அடைத்துவிடலாம், பிறகு தொல்லையே இல்லை" என்றார்களாம். வேறோர் இடத்தில் வடிகட்டியையே புதிதாக மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை கேட்டார்களாம். "இன்னும் 30 மாசத் தவணை பாக்கி இருக்கு. ரெண்டுல எதைச் செய்யட்டும்?" என்பதே அவர் கேள்வி. இரண்டுமே தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. அதை விளக்குமுன் வடிகட்டியின் வேலையைப் பார்ப்போம்.

கரி வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

டீசல் எரியும்போது நுண்ணிய கரித்தூள் உண்டாகிறது. விறகடுப்பில் பானையின் அடியில் படியும் கரியைப் போன்றது இது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையானது. மூச்சுடன் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியது. டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவேதான் விதிகள் கடுமையாக்கப்பட்டன. டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம் என்று பி.எஸ். 4-இல் இருந்த வரம்பு, பி.எஸ். 6-இல் 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

வடிகட்டியின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதில் நெடுக ஓடும் சிறு துளைகளில் ஒன்று முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும். அடுத்தது முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்திருக்கும். ஆகவே புகை ஒரு துளையில் நுழைந்து, இடைச்சுவரின் நுண்துவாரங்கள் வழியாகவே அடுத்த துளைக்குப் போக முடியும். கரி சுவரில் தங்கிவிடும். காற்று மட்டும் வெளியேறும்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துள்ள உழவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மணல் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடினால் வடிகட்டி அழுக்கேறியது என்று அறிந்து கழுவிவிடுகிறோம். வண்டியிலும் அப்படியே. வடிகட்டியின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு சிறு குழாய்கள் ஓர் அழுத்த உணர்கருவிக்குச் செல்கின்றன. வித்தியாசம் கூடினால் எஞ்சினின் கம்ப்யூட்டர் அதை அறிந்துகொள்ளும்.

மணல் வடிகட்டியைத் தண்ணீரால் கழுவுகிறோம். கரி வடிகட்டியை நெருப்பால் கழுவ வேண்டும். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கரி எரிந்து போய்விடும். நெடுஞ்சாலையில் பாரத்துடன் ஓடும் வண்டியில் புகையின் சூடு அதிகமாக இருப்பதால், வடிகட்டியில் பூசியுள்ள வினையூக்கியின் உதவியுடன் கரி சிறிது சிறிதாகத் தானே எரிந்துவிடும். அது போதாதபோது கம்ப்யூட்டர் சற்றுக் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, சூட்டை உயர்த்திக் கரியை எரிக்கும். இதைப் பட்டறைகளில் 'ரீஜெனரேஷன்' என்பார்கள். நாம் கரி எரிப்பு என்போம். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இது நிகழும். முடிய 10 முதல் 25 நிமிடம் ஆகலாம்.

கரி வேறு, சாம்பல் வேறு

இதை உழவர்கள் நன்கு நினைவில் கொள்ள வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஆயிலில் கலந்துள்ள சில சேர்மங்கள் எரிந்து சாம்பலாக வடிகட்டியில் தங்குகின்றன. சரியான ஆயிலை ஊற்றி வந்தால் சாம்பல் நிறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். கையேட்டில் கண்ட தரம் அல்லாத ஆயிலை ஊற்றினால் விரைவில் நிறைந்துவிடும். எனவே ஆயில் வாங்கும்போது, குறைந்த சாம்பல் தரும் ஆயிலா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். டப்பாவின் மீது ஏ.சி.இ.ஏ. சி3, ஏ.பி.ஐ. சி.கே.-4 என்பன போன்ற தரக் குறியீடு இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் எது சொல்லப்பட்டுள்ளதோ அதையே வாங்கவும். பழைய டிராக்டருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தை இதில் ஊற்றக் கூடாது.

அடைப்பு ஏன் ஏற்படுகிறது?

முதல் காரணம், குறுகிய தூர ஓட்டம். ஐந்து, ஆறு கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியில் புகைக்குழாய் சூடேறுவதே இல்லை. நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டால் கரி சேரும். எரிவதற்கு வேண்டிய சூடு வராது.

இரண்டாவது காரணம், கரி எரிப்பு நடக்கும்போது பாதியில் எஞ்சினை நிறுத்துவது. அப்போது பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். இப்படிப் பலமுறை நேர்ந்தால் ஆயில் நீர்த்துப்போகும். அதன் அளவும் உயரும்.

மூன்றாவது காரணம், எஞ்சினிலேயே உள்ள கோளாறு. ஒழுகும் இன்ஜெக்டர், அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த காற்றுக்குழாய், திறந்தபடி சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு ஆகியவை கரியை மிகுதியாக உண்டாக்கும். தேய்ந்த டர்போ ஆயிலைக் கசியவிடும். இவற்றைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால், புதியதும் சில மாதங்களில் அடைத்துவிடும். வேரழுகல் நோய்க்கு இலையில் மருந்தடிப்பது போன்றதே இது. பெரும்பாலும் வடிகட்டி நோயாளி அன்று. நோயைக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு.

நான்காவது காரணம், கரி எரிப்புத் தொடங்கவே முடியாத நிலை. டீசல் குறைவு விளக்கு எரியும்போது பல வண்டிகளில் கரி எரிப்புத் தொடங்காது. ஐந்நூறு ரூபாய்க்கு டீசல் போட்டு ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் உரிய சூட்டை எட்டாவிட்டாலும் தொடங்காது. வெயில் காலத்தில் எஞ்சின் சூடாகிறது என்று சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவது வழக்கம். பழைய எஞ்சினில் அது பெரிய கேட்டை விளைவிக்கவில்லை. இந்த வண்டிகளில் அது வடிகட்டியை அடைத்துவிடும்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது

வடிகட்டி விளக்கு மஞ்சளாக நிலையாக எரிந்தால் வண்டி உங்களிடம் ஓட்டம் கேட்கிறது என்று பொருள். அன்றே செய்ய வேண்டியவை:

1. ஆயில் அளவைப் பார்க்கவும். மேல் குறியைத் தாண்டியிருந்தால் ஓட்டக் கூடாது. பட்டறைக்குத் தகவல் தரவும்.

2. டீசல் கால் டேங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

3. எஞ்சின் சூடேறியதும், போக்குவரத்துக் குறைந்த நல்ல சாலையில் மணிக்கு 50 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் வரை நிறுத்தாமல் ஓட்டவும். ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுற்று நிமிடத்திற்கு 2,000-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

4. விளக்கு அணைந்த பிறகும் சிறிது தூரம் ஓட்டிவிட்டே நிறுத்தவும்.

சில வண்டிகளில் நின்றபடியே கரியை எரிக்கத் தனிச் சுவிட்சு உண்டு. அதைக் கையாளும் முறை கையேட்டில் இருக்கும்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து இழுவை குறைந்தாலோ, அதன்பின் ஓட்டிச் சரிசெய்ய முயலக் கூடாது. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த நிலையில் தீப்பற்றினால், சூடு கட்டுக்கடங்காமல் ஏறிப் பீங்கான் விரிந்துவிடும் அல்லது உருகிவிடும்.

வீட்டிலேயே பழுதறிய ஆறு அடையாளங்கள்

1. ஆயில் அளவு உயர்ந்து, விரலில் தேய்த்தால் டீசல் வாடை வீசுகிறது: கரி எரிப்புப் பாதியில் நின்று நின்று போயிருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. ஆயிலை உடனே மாற்ற வேண்டும். அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும். எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு.

2. ஆயில் அளவு குறைந்து, நீலப் புகை வருகிறது: டர்போ அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சாம்பல் விரைவில் நிறையும்.

3. புகைக்குழாய் ஆறியபின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நல்ல வடிகட்டி உள்ள வண்டியில் துணி ஏறக்குறையச் சுத்தமாகவே வரும். மை போல் கரி ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது. பழைய வண்டி வாங்குவோரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். உள்ளே வெட்டி எடுக்கப்பட்ட வண்டி என்றால் தெரிந்துவிடும்.

4. விளக்கு எரிகிறது, ஆனால் இழுவை குறையவில்லை: அழுத்த உணர்கருவியோ அதற்குச் செல்லும் ரப்பர் குழாயோ பழுதாகியிருக்கலாம். குழாயில் வெடிப்பு, அடைப்பு, எலி கடித்த இடம் உண்டா என்று முதலில் பார்க்கவும். சிறு குழாய்க்காகப் பெரிய வடிகட்டியை மாற்ற வேண்டியதில்லை.

5. கரி எரித்து 100, 200 கிலோமீட்டருக்குள் மீண்டும் விளக்கு எரிகிறது: எஞ்சினில் கோளாறு உள்ளது, அல்லது சாம்பல் நிறைந்துவிட்டது.

6. டெம்பரேச்சர் முள் வெகுநேரம் ஓடியும் ஏறவில்லை: தெர்மோஸ்டாட் வால்வைச் சோதிக்கவும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஸ்கேனர் கருவி உள்ள பட்டறைக்கே செல்லவும். "வடிகட்டியை மாற்றுங்கள்" என்றோ "கழற்றுங்கள்" என்றோ நீங்களாகச் சொல்ல வேண்டாம். பதிவாகியுள்ள கோளாறுக் குறியீடுகள் யாவை, கரி எவ்வளவு சேர்ந்துள்ளது, அழுத்த வித்தியாசம் எவ்வளவு, வெப்ப உணர்கருவிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் எஞ்சின் கோளாற்றை நீக்க வேண்டும். அதன் பிறகே கருவி மூலம் கட்டாயக் கரி எரிப்புச் செய்ய வேண்டும். இறுதியில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயில் முன்பே மேல் குறியைத் தாண்டியிருந்தால் கரி எரிப்புக்கு முன்னரும் மாற்றுவது அவசியம்.

கரி அளவு மிஞ்சிவிட்டாலோ சாம்பல் நிறைந்துவிட்டாலோ, வடிகட்டியைக் கழற்றி அதற்கென உள்ள சூளையிலும் காற்றழுத்தக் கருவியிலும் சுத்தம் செய்யும் நிலையங்களுக்கு அனுப்பலாம். தோட்டத்து மோட்டார்த் தண்ணீரைப் பாய்ச்சியோ, ஆசிட் ஊற்றியோ, கம்பியால் குத்தியோ சுத்தம் செய்தால் பீங்கானும் அதன் பூச்சும் கெட்டுவிடும்.

வைக்கோல் பக்கம் எச்சரிக்கை

கரி எரியும் நேரத்தில் புகைக்குழாய் மிகுந்த சூட்டில் இருக்கும். சூடான வாடை, வண்டி நின்ற பிறகும் ஃபேன் சுற்றுவது, எஞ்சின் சுற்று சற்று உயர்ந்திருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். அச்சமயம் களத்து வைக்கோல், காய்ந்த புல், கரும்புச் சோகை ஆகியவற்றின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. ஓலைக் கொட்டகைக்குள்ளும் விடக் கூடாது. வெற்றுத் தரையில் நிறுத்திச் சூடு ஆறவிடவும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

வெட்டி எடுத்துவிட்டால் என்ன?

செலவு மிச்சம் என்று தோன்றலாம். ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மாசு விதியை மீறி ஓட்டுவதற்குத் தனித் தண்டனையும் உண்டு. எஃப்.சி. எடுக்கும்போதும் புகைச் சோதனையின்போதும் சிக்கல் வரும். வண்டி நிறுவனத்தின் வாரண்டியும் போய்விடும். இவற்றைவிட முக்கியமானது, எஞ்சினில் உள்ள உண்மைக் கோளாறு அப்படியே மறைந்திருந்து பெருகும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் வேறு யாரோ அல்லர். பின்னால் நின்று பெட்டி ஏற்றி இறக்கும் நம் வீட்டாரும் வேலையாட்களுமே.

யூரியா பற்றி ஒரு வார்த்தை

சில வண்டிகளில் 'ஆட் புளூ' எனப்படும் கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. அதில் 32.5 சதவீதம் தூய யூரியா இருக்கிறது. யூரியாதானே என்று மூட்டையிலிருந்து எடுத்துக் கரைத்து ஊற்றுவோர் உண்டு. உர யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. வேறு கசடுகளும் உடையது. அதை ஊற்றினால் பம்பும் நாசிலும் அடைத்து, வடிகட்டியைவிடப் பெரிய செலவு வரும். அதற்கென விற்கும் கரைசலையே வாங்கவும். அதைத் தவறியும் டீசல் டேங்கில் ஊற்றிவிடக் கூடாது.

டிராக்டர் வைத்திருப்போருக்கு

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் 'ட்ரெம் 4' விதிகள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றிலும் கரி வடிகட்டி இருக்கலாம். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளவும். அதற்கும் மேற்சொன்ன கவனிப்பே பொருந்தும். சிறு டிராக்டர் வைத்துள்ளோர் பெரும்பாலோர்க்கு இக்கவலை இல்லை.

அந்த வண்டியில் கண்டது

ஒட்டன்சத்திரம் உழவரின் வண்டிக்குத் திரும்புவோம். நானும் முதலில் டீசலில் கலப்படம் இருக்குமோ என்றே சந்தேகித்தேன். ஆயில் அளவைப் பார்க்கச் சொன்னேன். மேல் குறிக்கு ஒரு விரற்கடை உயரம் இருந்தது. டீசல் வாடையும் வீசியது. ஸ்கேனர் வைத்துப் பார்த்த பட்டறையில், எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்ற குறியீடு பதிவாகியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. முந்தைய கோடையில் வேறொருவர் கழற்றிப் போட்டிருக்கிறார். உழவருக்கு அது தெரியாது. கரி எரிப்புத் தொடங்கவே முடியாமல் இருந்ததும், எப்போதாவது தொடங்கியதும் 7 கிலோமீட்டரில் நின்றுபோனதும் விளங்கின.

புதிய வால்வு போட்டு, ஆயிலை மாற்றி, கட்டாயக் கரி எரிப்புச் செய்து, மறுபடியும் ஆயில் மாற்றினார்கள். ஆன செலவு புது வடிகட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது அவர் சந்தை வரிசையில் எஞ்சினை நிறுத்திவிடுகிறார். வாரம் ஒருமுறை முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வரை ஓட்டி வருகிறார். அந்த ஓட்டத்திலேயே கரி எரிந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்து அவரைச் சந்தித்தபோது, "விளக்கு வரலைங்க ஐயா. வந்தாலும் இப்ப பயமில்லீங்க" என்றார்.

புது வடிகட்டி வாங்கப் பல வண்டிகளில் ஒரு கறவை மாட்டின் விலை ஆகும். அந்தப் பணம் உழவரின் கையிலேயே தங்க வேண்டுமானால் நான்கு பழக்கங்கள் போதும்: வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம், நிற்கும்போது எஞ்சின் நிறுத்தம், கையேட்டில் சொன்ன ஆயில், விளக்கு எரிந்த அன்றே கவனிப்பு. பயிரில் முதல் இலை மஞ்சளானதும் வயலில் இறங்கிப் பார்ப்பவர் உழவர். வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் அவ்வாறே பார்த்தால், விளைச்சல் வழியில் நிற்காமல் சந்தை போய்ச் சேரும்.